சேசிஸ் எண் 2287: முதல் டேடோனா கூபேயைத் தேடிச் செய்த ஒரு மாடல்

கடந்த ஆறு மாதங்களாக என் மேசையில் ஷெல்பி டேடோனா கூபே என்ற பந்தயக் காரின் 1:24 அளவிலான மாடல் ஒன்று முடியாமல் இருக்கிறது. பெட்டியில் வந்த பாகங்களைச் செய்முறைத் தாளில் கண்டபடி ஒட்டி வண்ணம் பூசியிருந்தால் ஒரு மாதத்தில் அது அலமாரிக்குப் போயிருக்கும். ஆனால் நான் செய்ய விரும்பியது ஏதோ ஒரு டேடோனா கூபேயை அன்று. மொத்தம் 6 மட்டுமே உருவான அந்த வரிசையில் முதலில் பிறந்த, சிஎஸ்எக்ஸ் 2287 என்ற சேசிஸ் எண் கொண்ட முன்மாதிரியை, அதிலும் 1964 பிப்ரவரி 16 அன்று ஃப்ளோரிடாவின் டேடோனா ஓடுதளத்தில் அது முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியபோது இருந்த உருவில் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை. அந்த ஒரு நாளின் உருவத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒட்டுவதையும் தேய்ப்பதையும் விட அதிக நேரத்தைப் பழைய ஒளிப்படங்களோடு செலவிட்டேன்.

பெட்டியைத் திறந்த முதல் நாளே ஐயம் எழுந்தது. கிட்டில் இருந்த உடற்கூடும் டேடோனா பந்தயப் படங்களில் உள்ள காரும் ஒன்றல்ல என்பது, சற்று உற்றுப் பார்த்தாலே தெரிந்தது. கிட்டின் கூரை உயர்ந்திருந்தது. பின்புற விளிம்பில் மேல்நோக்கி எழும் தடுப்புத் தகடு, அதாவது ஸ்பாய்லர், உடற்கூட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. டேடோனாவில் 14 என்ற எண்ணோடு ஓடிய காரின் பின்புறத்திலோ அப்படி எதுவும் இல்லை. கூரையின் சரிவு இறங்கி வந்து கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிகிறது.

இதற்குக் காரணம் பிறந்த இடத்தில் இருக்கிறது. முதல் கார் மட்டுமே கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் இருந்த கரோல் ஷெல்பியின் பட்டறையில் முழுமையாக உருவானது. எஞ்சிய 5 கார்களுக்கும் இத்தாலியின் மோதெனா நகரில் கரோத்செரியா கிரான்ஸ்போர்ட் என்ற பட்டறை உடற்கூடு அமைத்தது. கைத்தட்டு வேலையில் இரண்டு நாட்டுக் கைகள் ஒரே வளைவைத் தட்டினாலும் அது ஒன்றாக வராது. மோதெனாக் கார்களின் கூரைக் கோடு முதல் காரிலிருந்து வேறுபட்டது. என் கிட் பின்பற்றியது மோதெனாக் காரை.

இது புரிவதற்கு முன் ஒரு மாத உழைப்பு வீணானது. 1964-இல் பிரான்சில் நடந்த லெ மான் பந்தயப் படம் ஒன்றை 2287 என்று நம்பி, அதிலிருந்து கதவின் மேல்விளிம்பு, கண்ணாடியின் சாய்வு எல்லாவற்றையும் அளந்து குறித்து வைத்திருந்தேன். அந்தப் படத்தில் இருந்த கார் 5 என்ற எண் தாங்கியது. லெ மானில் 5 என்ற எண்ணோடு ஓடியது டான் கர்னியும் பாப் பாண்டுரன்டும் ஓட்டிய சிஎஸ்எக்ஸ் 2299. அதாவது மோதெனாவில் உடல் பெற்ற முதல் கார். நான் தேடியது கிறிஸ் ஏமனும் யோக்கன் நேர்பாஷும் ஓட்டிய 6-ஆம் எண் கார். அந்தக் குறிப்புகள் அனைத்தையும் கிழித்துவிட்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முதலில் பந்தயம், தேதி, கதவு எண், ஓட்டுநர் ஆகிய நான்கையும் உறுதி செய்த பிறகே அளவுகோலை எடுப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

இந்தக் கார் ஏன் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்; ஏனெனில் அதன் வடிவத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் அதுவே விடை. இங்கிலாந்தின் ஏசி நிறுவனத்தின் அடிச்சட்டத்தில் ஃபோர்டின் வி8 இயந்திரத்தைப் பொருத்தி ஷெல்பி உருவாக்கிய கோப்ரா, வளைந்து நெளியும் அமெரிக்கத் தடங்களில் எவரையும் முந்தியது. ஆனால் அது கூரையில்லாத திறந்த கார். லெ மானில் உள்ள முல்சான் போன்ற நீண்ட நேர்ப்பாதையில், வேகம் ஏற ஏற இயந்திரத்தின் ஆற்றலெல்லாம் காற்றைப் பிளப்பதிலேயே தீர்ந்துபோயிற்று. அங்கே ஃபெராரி 250 ஜிடிஓ எளிதாக விலகிச் சென்றது. இயந்திரத்தைப் பெரிதாக்காமல், அதே அடிச்சட்டத்தின்மேல் வேறு உடற்கூட்டை அமைத்துக்கொள்ளப் பந்தய விதிகள் இடம் தந்தன. அந்த வேலையை ஷெல்பி ஒப்படைத்தது பீட் பிராக் என்ற, முப்பது வயதுகூட ஆகாத வடிவமைப்பாளரிடம். 1930-களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் போன்றோர் செய்த காற்றியக்க ஆய்வுகளைப் பிராக் அறிந்திருந்தார். கூரை மெதுவாகச் சரிந்தால் காற்று உடலை ஒட்டியே வழியும். எந்த இடத்துக்குப் பின் அது ஒட்டி வராதோ அந்த இடத்தில் வாலை நீட்டாமல் வெட்டிவிட வேண்டும். அழகுக்கு நீண்டு குவியும் வால்தான் வேண்டும் என்று பழகிய கண்களுக்கு இந்த வெட்டு வால் முரடாகத் தோன்றியது. பட்டறையின் தலைமைப் பொறியாளர் ஃபில் ரெமிங்டனே தொடக்கத்தில் இதை நம்பவில்லை. ஓட்டுநர் கென் மைல்ஸும் நியூசிலாந்திலிருந்து வந்த மெக்கானிக் ஜான் ஓல்சனும் நம்பினார்கள். இந்த இருவர் நம்பியிராவிட்டால் அந்தக் கார் காகிதத்திலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

பிராக் வேலையைத் தொடங்கிய விதம்தான் என் வேலையின் வரிசையையும் மாற்றியது. மோதிச் சேதமடைந்த ஒரு கோப்ராவின் உடற்கூட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தில் இருக்கையையும் ஸ்டியரிங்கையும் வைத்து, மைல்ஸை அதில் உட்கார வைத்தார். மரத்துண்டுகளையும் ஒட்டுநாடாவையும் கொண்டு அவர் கண்ணுக்கு முன் கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தார். கண்ணாடி நின்ற பிறகே கூரை, மூக்கு, வால் எல்லாம் வந்தன. பிறகு ஒட்டுப்பலகையில் வெட்டிய அச்சுக் குறுக்குத் துண்டுகளை அடுக்கி ஒரு கூடு அமைத்து, அதன்மேல் பொருந்துமாறு அலுமினியத் தகடுகளைத் தட்டி வளைத்துப் பற்றவைத்தார்கள். இதைப் படித்த பிறகு, கிட்டின் கூரையை மட்டும் தேய்த்துத் தாழ்த்திப் பார்க்கும் முயற்சியை நிறுத்தினேன். நானும் கண்ணாடியிலிருந்தே தொடங்கினேன்.

அளவுக்கு என் பிடிமானம் ஒன்றே ஒன்றுதான்: கோப்ராவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 90 அங்குலம். கார் எந்தப் பட்டறையில் உடல் பெற்றாலும் அது மாறாது. 24-ல் ஒரு பங்காக்கினால் 95.25 மில்லிமீட்டர். தொலைவிலிருந்து நேர்ப் பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தில் சக்கர மையங்களுக்கு இடையே 112 மில்லிமீட்டர் வந்தது. எனவே அந்தப் படத்தில் அளந்த எதையும் 0.85-ஆல் பெருக்கினால் என் மாடலுக்குரிய அளவு கிடைத்துவிடும். மூன்று வெவ்வேறு படங்களில் கண்ணாடியின் அடி விளிம்பு, மேல் விளிம்பு, கூரையின் உச்சி ஆகியவற்றை அளந்து, மூன்றும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கார் சற்றே திரும்பியிருக்கும் படங்கள் பார்வைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அளவில் பொய் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

பிறகு கூரையை முன்தூண்களோடு சேர்த்து மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். தூண்களின் அடியில் கீற்றுக் கீற்றாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் உடலில் வைத்துப் பார்த்து, பக்கவாட்டுக் கோடு படத்தோடு ஒன்றும்வரை தொடர்ந்தேன். கூரை தாழ்ந்ததும் கிட்டின் கண்ணாடி பொருந்தாமல் போயிற்று. மென்மரத் துண்டு ஒன்றைக் கண்ணாடியின் வடிவத்துக்குச் செதுக்கி, மெழுகுவர்த்திக்கு மேலே இளகச் சூடாக்கிய தெளிந்த பிளாஸ்டிக் தாளை அதன்மேல் இழுத்துப் போர்த்தி அச்செடுத்தேன். முதல் ஆறு தாள்களில் குமிழியோ சுருக்கமோ விழுந்தது. ஏழாவது தாள் தெளிவாக வந்தது. ஓரங்களைக் கத்தரித்து வைத்தபோது தூண்களுக்கு இடையே இறுக்கமாக உட்கார்ந்தது. அந்த மரத்துண்டை நான் எறியவில்லை.

ஸ்பாய்லரை அகற்றுவது எளிது. கத்தியால் சீவி, பட்டி பூசி, 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் தேய்த்தால் வெட்டு வாலின் கூர்விளிம்பு வந்துவிடுகிறது. ஆனால் அதை அகற்றலாம் என்று உறுதி செய்வதற்குத்தான் காரின் முதல் ஆண்டு முழுவதையும் பின்தொடர வேண்டியிருந்தது. 1964 பிப்ரவரி 1 அன்று ரிவர்சைட் தடத்தில் மைல்ஸ் முதன்முதலாக இந்தக் காரை ஓட்டியபோது, பழைய சுற்று நேரத்தை மூன்றரை விநாடி குறைத்தார். ஐயப்பட்டவர்களின் வாதம் அன்றோடு முடிந்தது. இரண்டு வாரம் கழித்து டேடோனாவின் 2000 கிலோமீட்டர் பந்தயத்தில் பாப் ஹோல்பர்ட்டும் டேவ் மெக்டொனால்டும் ஓட்ட, அறிமுகப் பந்தயத்திலேயே கார் முன்னணியில் சென்றது. எரிபொருள் நிரப்ப நின்றபோது தீப்பற்றியது, ஓல்சன் தீக்காயமடைந்தார், கார் விலக நேர்ந்தது. காருக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. 34 நாள்களில் அதைச் செப்பனிட்டு, மார்ச் 21 அன்று செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் இறக்கினார்கள். அதே இருவர் ஓட்டி ஜிடி (கிராண்ட் டூரிங்) பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் நான்காம் இடமும் பெற்றனர். அதற்குப் பின் 70 நாள்களே மெக்டொனால்ட் உயிரோடு இருந்தார். மே 30 அன்று இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் மாண்டார். செப்ரிங் படங்களை அளக்கும்போது அந்த ஓட்டுநர் இருக்கையை வெறும் அளவாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஸ்பாய்லர் வந்தது அதே மே மாதத்தில், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில். அங்குள்ள அதிவேக வளைவுகளில், சரிந்த கூரையின்மேல் விரையும் காற்று காரின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்த்தது. ஃபில் ஹில் ஓட்டிய காரின் பின்பக்கம் நிலைகொள்ளவில்லை. வாலின் விளிம்பில் ஒரு தகட்டை நிமிர்த்தி வைத்ததும் கார் அடங்கியது. ஆகவே டேடோனாவையும் செப்ரிங்கையும் ஸ்பாய்லர் இல்லாமல்தான் அது ஓடியது என்பது உறுதியாயிற்று. என் கத்திக்கும் அனுமதி கிடைத்தது. லெ மானில் 6-ஆம் எண் கார், வெளி பேட்டரியைக் கொண்டு இயந்திரத்தைக் கிளப்பியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. 1965 நவம்பரில் போன்வில் உப்புவெளியில் கிரெய்க் பிரீட்லவ் அதே காரை ஓட்டி இருபதுக்கும் மேற்பட்ட வேகச் சாதனைகளைப் பதித்தார்.

அதன் பிறகு அது கைமாறிய கதை நீளமானது. பொம்மைக் கார் நிறுவனம் நடத்திய ஒருவர் அதை வாங்கினார் என்பதை அறிந்தபோது, மாடல் செய்பவன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவரிடமிருந்து இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடமும், பின்னர் அவரிடம் பணியாற்றியவரின் குடும்பத்துக்கும் போய், பல பத்தாண்டுகள் கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. 2001-இல் வெளிவந்து, உரிமை வழக்குகளுக்குப் பின் ஃபிலடெல்ஃபியாவின் மருத்துவர் ஃபிரெடெரிக் சிமியோனின் சேகரிப்பில் நிலைபெற்றது. அவர் அதைப் புதிதுபோல் மெருகேற்றாமல் கிடைத்த நிலையிலேயே காத்தார். 2014-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் வாகனமாக அது ஏறியது. அதன் ஆவணங்கள் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்றன. அந்தக் காரைப் பளபளவென்று புதுப்பித்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பட்டறைச் சுத்தியலின் தடத்தை எங்கே போய்த் தேடுவது?

இப்போது உடலுக்கு அடிப்பூச்சு முடிந்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டுக் கார்களின் வைக்கிங் நீலம், 1965-ஆம் ஆண்டின் ஆழ்ந்த நீலத்தைவிட வெளிறியது. வண்ணப் படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலைக் காட்டுவதால், நான்கு கலவைகளை வெள்ளைத் தகட்டுத் துண்டுகளில் பூசிச் சன்னலருகே உலர வைத்திருக்கிறேன். வலமிருந்து இரண்டாவது, காலை வெயிலில் படத்துக்கு மிக நெருக்கமாக வருகிறது. சக்கர விளிம்புகளுக்கு 15 அங்குலத்துக்கு ஈடான 15.9 மில்லிமீட்டர் வளையங்களைக் கடைந்தாயிற்று. கதவு வழியே தெரியும் கூடுதல் குழாய்ச் சட்டங்களை, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே செல்பவற்றை, பித்தளைக் கம்பியில் வளைக்கத் தொடங்கியிருக்கிறேன். அவை பொருந்திய பிறகே 14 என்ற எண்ணைக் கதவில் ஒட்டுவேன்.