எட்டுச் சொல்வகைகள்: ஆங்கில இலக்கண வகுப்பில் எங்கே சறுக்குகிறது?

தமிழ்வழிப் பள்ளிகளில் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் பாடம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: கரும்பலகையில் எட்டுப் பெயர்கள், எட்டு வரையறைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று உதாரணங்கள். மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நவுன் என்றால் ஆள், இடம், பொருளின் பெயர்; வெர்ப் என்றால் செயல். அதே மாணவரிடம் 'டிஸ்ட்ரக்ஷன்' எந்த வகை என்று கேளுங்கள். வெர்ப் என்பார். அழிப்பது செயல்தானே? அவர் யோசித்த விதத்தில் பிழையில்லை. கையில் கொடுத்த வரையறைதான் அவரைத் தவறான இடத்தில் கொண்டு விட்டது.

ஆங்கிலச் சொல்லைத் தனியே நிறுத்தி "நீ யார்?" என்று கேட்டால் பல நேரம் பதில் கிடைக்காது. 'ரவுண்ட்' என்ற ஒரே சொல் 'எ ரவுண்ட் டேபிள்' என்னும்போது அட்ஜெக்டிவ் (பெயரடை), 'தி ஃபைனல் ரவுண்ட்' என்னும்போது நவுன், 'ரவுண்ட் தி கார்னர்' என்னும்போது ப்ரெப்பொசிஷன் (நவுனுக்கு முன்னால் வந்து அதை வாக்கியத்தோடு இணைக்கும் சொல்). வளைவில் திரும்பும் காருக்கு அதுவே வெர்ப். ஆகவே சொல்லைப் பட்டியலிட்டு வகை கேட்கும் பயிற்சிகளைக் கைவிடுவது நல்லது. வாக்கியத்தில் அது பார்க்கும் வேலையைத்தான் கேட்க வேண்டும்.

எட்டு என்ற எண்ணும் இயற்கை விதியல்ல. பழைய கிரேக்க இலக்கணத்தின் எட்டில், ஆங்கில 'தி' போன்ற சொல்லான ஆர்ட்டிக்கிளுக்குத் தனி இடம் இருந்தது. லத்தீனில் ஆர்ட்டிக்கிள் கிடையாது. அதை எடுத்துவிட்டு, வியப்புச் சொல்லான இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டாக்கிக் கொண்டார்கள். அட்ஜெக்டிவ் நெடுங்காலம் நவுனுக்குள் அடங்கியிருந்து, பின்னால்தான் ஆங்கில இலக்கணங்களில் தனி வகையாக நிலைபெற்றது. 'எ', 'ஆன்', 'தி' எந்த வகை என்று கூர்மையான மாணவர் கேட்கும்போது நாம் தடுமாறுவதற்குக் காரணம் இந்தப் பழைய கணக்குதான். இன்றைய இலக்கண நூல்கள் அவற்றை டிட்டர்மைனர் (நவுனுக்கு முன்னால் வந்து அதைச் சுட்டும் சொல்) என்று தனியே வைக்கின்றன.

தொல்காப்பியம் பெயரையும் வினையையும் முதலில் நிறுத்தி, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வரும் என்கிறது. ஆங்கில வாக்கியத்தைப் பிரிக்கவும் இந்த வரிசை நன்றாக உதவுகிறது. முதலில் வெர்ப், பிறகு நவுன், அதன்பின் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்க்கலாம்.

வெர்பைக் கண்டுபிடிக்க வாக்கியத்தின் காலத்தை மாற்றச் சொல்லுங்கள். நேற்று நடந்ததை நாளைக்குத் தள்ளினால் எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வெர்ப். 'இஸ்', 'ஆர்' இரண்டையும் மாணவர்கள் வெர்பாகவே எண்ணுவதில்லை; "அவர் ஆசிரியர்" என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'ஹி டீச்சர்' என்று எழுதுவது அதனால்தான். காலத்தை மாற்றினால் 'இஸ்' 'வாஸ்' ஆவதை அவர்களே பார்த்துவிடுவார்கள். நவுனுக்குச் சோதனை, முன்னால் 'தி' போட்டுப் பார்ப்பது. 'தி டிஸ்ட்ரக்ஷன் ஆஃப் தி சிட்டி' பொருந்துகிறது, 'தி டிஸ்ட்ராய்' பொருந்தவில்லை. 'சென்னை' போன்ற சிறப்புப் பெயர்களுக்கு இந்தச் சோதனை உதவாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

சோதனைகள் மனதில் பதிந்தனவா என்று அறிய, அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியம் கொடுக்கலாம்: 'தி பிம்மி டோக்ஸ் ப்ளிண்டட் ஸாக்லி.' எந்த அகராதியிலும் தேட முடியாது. ஆனாலும் 'டோக்ஸ்' பன்மை நவுன், 'ப்ளிண்டட்' இறந்தகால வெர்ப், நடுவில் நிற்கும் 'பிம்மி' அட்ஜெக்டிவ், கடைசிச் சொல் அட்வெர்ப் (வினையடை) என்று ஏழாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். இடமும் விகுதியும் போதும், அர்த்தம் தேவையில்லை என்பது அங்கே விளங்கிவிடும்.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டிலும்தான் தமிழ் மாணவருக்குப் பெரிய சிக்கல். '-ஆன' வந்தால் அட்ஜெக்டிவ், '-ஆக' வந்தால் அட்வெர்ப் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அழகான வீடு, அழகாகப் பாடினாள். பாதி தூரம் இது சரியாகவே போகும். பிறகு "அவள் அழகாக இருக்கிறாள்" என்ற வாக்கியம் வரும். '-ஆக' இருக்கிறதே என்று மாணவர் 'ஷி இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதுவார். 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்', 'சவுண்ட்' வரும் இடங்களில் எல்லாம் இதே சறுக்கல்தான்.

இங்கே உதவும் சோதனை ஒன்று உண்டு. அந்த வெர்பை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' போடுங்கள். வாக்கியம் நின்றால் அடுத்து வர வேண்டியது அட்ஜெக்டிவ். 'ஷி லுக்ட் ஆங்ரி': அவள் முகம் கோபமாக இருந்தது; 'வாஸ்' போட்டாலும் நிற்கிறது. 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்': அவனைக் கோபமாகப் பார்த்தாள்; 'வாஸ்' போட்டால் வாக்கியம் உடைகிறது. தமிழில் இரண்டுக்கும் "கோபமாக" என்ற ஒரே சொல்தான். இந்த ஜோடியைக் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டாமல் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது.

'-லி' விகுதியை மட்டும் நம்பவும் முடியாது. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஃபாஸ்ட்' எந்த விகுதியும் இல்லாமலே இரண்டு வேலையும் பார்க்கும். 'ஹார்ட்லி' என்றால் கடினமாக என்று பொருளில்லை, "அரிதாகவே" என்று பொருள். 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால் நான் உழைப்பதே இல்லை என்று ஆகிவிடும்.

இந்தப் பாடம் தேர்வோடு முடிவதில்லை. அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி காணும் 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. "அதைப் பற்றி" என்ற தமிழ் வழக்கு 'அபவுட்'டைக் கூடவே இழுத்து வருகிறது. 'டிஸ்கஸ்' என்ற வெர்ப் நேராகச் செயப்படுபொருளை ஏற்கும். 'டிஸ்கஷன்' என்ற நவுனுக்குத்தான் 'அபவுட்' வேண்டும். 'ரிக்வெஸ்ட்' இன்னும் நல்ல உதாரணம், இரண்டு வேலைக்கும் எழுத்து ஒன்றேதான். 'ஐ ரிக்வெஸ்டட் லீவ்' என்பதில் வெர்ப், 'ஃபார்' வேண்டாம். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதில் நவுன், 'ஃபார்' வேண்டும். சொல்வகை தெரிந்தால் இந்தப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளலாம்.

'ஐ வில் சக்ஸஸ்' போன்ற பிழைகளுக்கு நான்கு பத்தி நோட்டு நல்ல மருந்து. நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்று கோடு போட்டு, 'சக்ஸஸ், சக்ஸீட், சக்ஸஸ்ஃபுல், சக்ஸஸ்ஃபுல்லி' என ஒரு குடும்பத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஐந்து குடும்பங்கள் போதும். கூடினால் வெறும் மனப்பாடமாகிவிடும். ஒரு பத்திக்குச் சொல் இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். இல்லையேல் மாணவர்கள் தாங்களே ஒன்றை உருவாக்கி நிரப்பிவிடுவார்கள். 'ரெக்கார்ட்', 'பெர்மிட்' போன்றவற்றுக்கு அழுத்தம் விழும் அசையின் கீழ்க் கோடிட வேண்டும்: நவுனுக்கு முதல் அசை, வெர்புக்கு இரண்டாவது.

விடைத்தாள் திருத்தும்போது ஒரு தகராறு வரும். 'மை புக்' என்பதில் உள்ள 'மை' ஒரு நூலில் அட்ஜெக்டிவ், இன்னொன்றில் ப்ரோநவுன், மற்றொன்றில் டிட்டர்மைனர். ஒருவருக்குப் பதிலாக நிற்பதைப் பார்த்தவர்கள் ப்ரோநவுன் என்றார்கள், நவுனுக்கு முன்னால் வந்து அதைச் சுட்டுவதைப் பார்த்தவர்கள் மற்ற இரண்டில் ஒன்றைச் சொன்னார்கள். பள்ளிப் பாடநூல் எதைப் பின்பற்றுகிறதோ அதைத் தேர்வுக்காகச் சொல்லிவிடுங்கள். வகுப்புத் தேர்வில் மட்டும், விடைக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரியில் எழுதக் கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் தரலாம்.