33 டெராபைட் என்றொரு பொய்

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விலிருந்து 33 டெராபைட் தரவைத் திருடிவிட்டதாக 2024 ஜூனில் லாக்பிட் என்ற ஹேக்கர் கும்பல் அறிவித்து, பணம் கேட்டுக் கெடு விதித்தது. கெடு முடிந்து வெளியான கோப்புகளைத் திறந்து பார்த்தவர்கள், அவை எவால்வ் என்ற தனியார் வங்கியினுடையவை என்று கண்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் பல நாட்டுக் காவல்துறையினர் கூட்டாக லாக்பிட்டின் சர்வர்களைக் கைப்பற்றியிருந்ததால், இழந்த பெயரை மீட்கவே அக்கும்பல் ஓர் அரசு அமைப்பின் பெயரைச் சொன்னது என்று நான் கருதுகிறேன். ஆனால், அமெரிக்கர்களின் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கணக்கு எண்ணையும் பறிகொடுத்த சுமார் 76 லட்சம் பேருக்கு அந்தத் திருட்டு முழு உண்மை. பொய்யென்று தெரிந்ததும் பலரும் அச்செய்தியைக் கடந்துபோனது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

உண்மையில் அரசுத் தரவு பறிபோகும்போது எப்போதும் இப்படி யாராவது பறைசாற்றுவார்கள் என்றில்லை. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து சுமார் 2.15 கோடிப் பேரின் பின்னணி விசாரணைப் பதிவுகள் களவுபோனதை 2015இல் அந்த அலுவலகமேதான் வெளியிட்டது. எந்தக் கும்பலும் உரிமை கோரவில்லை. கடன், மனநலச் சிகிச்சை, வெளிநாட்டு நண்பர்கள் என்று அரசு கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்த படிவங்கள் அவை. கூடவே 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. கடவுச்சொல்லை அன்றே மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பணியாளர்கள் தங்கள் விரல்களை எங்கே போய் மாற்றுவார்கள்?