சாப்பிட மறுக்கும் பூனைக்கு ஊட்டும் முறை

பட்டினியைப் பூனையின் உடம்பு தாங்காது. இரண்டு மூன்று நாள் வயிறு காலியாகக் கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும். ஈரல் திணறத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளடித்தால் ஈரல் ஏற்கெனவே கெட்டிருக்கலாம். அதனால் "பசித்தால் தானாகத் தின்னும்" என்று விட்டுவிடாதீர்கள். வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் வெட் கிளினிக்குக் (கால்நடை மருத்துவரிடம்) கொண்டுபோக வேண்டும். குட்டிக்கு அரை நாளே அதிகம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்பட்டணத்தில் இருந்தால் ராத்திரியில் பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போ வரை ஓட வேண்டி வரலாம். சில வேளைகளில் அந்த ஓட்டத்தை மறுநாளுக்குத் தள்ளவே கூடாது. கடுவன் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் உடனே கிளம்புங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிமருந்து வைத்த நாட்களில் பூனை சோர்ந்து ஈறு வெளுத்தாலும் அப்படித்தான். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலே பூனைக்கு இரத்தம் உறையாமல் போகலாம். உடம்பு ஜில்லிட்டுத் துவண்டு கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதலில் சூடு, பிறகு கிளினிக்கில் நீர் ஏற்றுவது, அதற்குப் பிறகுதான் உணவு.

சளி பிடித்த பூனைக்கு வாசம் தெரியாது, வாசம் தெரியாததை அது தின்னாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்து, வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் கூடவே உட்காருங்கள். உணவுக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, விரல் வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். மேலே அவித்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் ஒரு சிட்டிகை உதிர்த்தால் வாசம் தூக்கும். இருபது நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும்.

பலர் தவறுவது குமட்டலில்தான். உதட்டை நக்குவது, எச்சில் வடிப்பது, வெறுமனே விழுங்குவது, உணவைக் கண்டதும் முகத்தைத் திருப்புவது எல்லாம் குமட்டலின் அடையாளம். அந்த நேரத்தில் திணித்தால், குணமான பிறகும் அந்த உணவை வெறுத்து ஒதுக்கும். மரோபிட்டன்ட் போன்ற, வாந்தியை அடக்கும் மருந்தை டாக்டரிடம் கேளுங்கள். பசியைத் தூண்ட மிர்டாசபைன் உண்டு. ஈரலோ சிறுநீரகமோ கெட்ட பூனைக்கு அளவு மாறுவதால் டாக்டர் சொன்னபடிதான் கொடுக்க வேண்டும்.

அளவைக் கண்மதிப்பில் விடாதீர்கள். கிலோ கணக்கில் எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி. 4 கிலோ பூனைக்கு 190. நோயுற்ற பூனைக்கான ஹில்ஸ் ஏ/டி உணவின் 156 கிராம் டின்னில் சுமார் 180 கலோரி இருக்கும். 50 மில்லி வெந்நீர் கலந்து டீ வடிகட்டியில் தேய்த்து வடித்தால் ஏறக்குறைய 200 மில்லி வரும். நாள் கணக்காகப் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் இரத்தத்தில் உப்புச் சத்துகள் சட்டென்று இறங்கிவிடும். 4 கிலோ பூனைக்கு முதல் நாள் 70 மில்லி, அடுத்த நாள் 140, மூன்றாம் நாள் 210. ஒவ்வொன்றையும் ஆறு வேளையாகப் பிரியுங்கள்.

பூனையைத் துவாலையில் சுற்றி, முகம் உங்களைப் பார்க்காமல் மடியில் வையுங்கள். தலை நேராக இருக்கட்டும்; அண்ணாந்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி இல்லாத 3 மில்லி சிரிஞ்சைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, அரை மில்லி விட்டு, விழுங்கிய பிறகு அடுத்த அரை மில்லி. இருமினால் அந்த வேளையை அத்தோடு நிறுத்துங்கள். மீந்ததை ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள்.

பனடோல் (பாரசிட்டமால்) ஒரு துண்டுகூட வேண்டாம், அது பூனையைக் கொல்லும். வெங்காயம், பூண்டு சேர்ந்த சூப்பும் குழம்புச் சோறும் இரத்தத்தைக் கெடுக்கும். மூக்கடைப்புக்கு என்று காற்றெண்ணெய் (தலைவலித் தைலம்) தடவுவதும் ஆபத்து, பூனை நக்கி விழுங்கிவிடும்.

இரண்டு நாள் சிரிஞ்சால் முயன்றும் பாதி அளவுகூட உள்ளே போகாவிட்டால், அல்லது உங்களைக் கண்டதுமே பூனை ஒளிந்தால், கழுத்து வழியாக உணவு செலுத்தும் குழாய் வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் தினம் ஆறு முறை வாயைப் பிடித்துப் போராடுவதைவிட அது பூனைக்கு எவ்வளவோ மேல். உணவை ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெல்லச் செலுத்துங்கள். முன்னும் பின்னும் 5 மில்லி வெதுவெதுப்பான நீர் விட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.