கீழே போட்டால் எடுத்துக் கொடுங்கள்

என் மகளுக்கு இப்போது பிடித்த விளையாட்டு, கையில் இருக்கிற கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பது. எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுவாள். குறும்பு மாதிரிதான் தெரியும், ஆனால் பிடித்த விரல்களை வேண்டும்போது விடுவது, விழுந்தது எங்கே போனது என்று தேடுவது எல்லாம் அந்த ஒரே ஆட்டத்தில் பழகுகிறாள். 8 மாத வாக்கில், கண்ணுக்கு மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்பது குழந்தைகளுக்குப் புரிய ஆரம்பிக்கும், அதனால் பொம்மையைத் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தும் விளையாடலாம். இன்னும் சின்னக் குழந்தையா? விழித்திருக்கும்போது, பக்கத்திலேயே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கவையுங்கள், கழுத்தும் தோளும் உறுதிப்படும். அழுதால் தூக்கிவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் நடக்கவும் உதவாது, அடிபடுகிற ஆபத்தும் உண்டு.