இரண்டு கோர் ஃபீனம், இப்போது மூன்று கோர்

மண்டபத்தில் மச்சான் பிரவுசிங் சென்டரை மூடியபோது எனக்கு வந்த பழைய கம்ப்யூட்டர் இது. உள்ளே ஏஎம்டி ஃபீனம் 2 எக்ஸ்2 550, 3.1 கிகாஹெர்ட்ஸ், 2009-இல் வந்த பிராசசர். பெயருக்குத்தான் இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), சில்லு என்னவோ நான்கு கோர் ஃபீனமுக்கு உரிய அதே 45 நானோமீட்டர் சில்லு. சோதனையில் ஒரு கோர் தேறாவிட்டாலும் இரண்டை அணைத்து விற்பார்கள், மலிவான மாடலுக்குக் கிராக்கி இருந்தால் நல்ல கோரையும் அணைத்து விற்பார்கள். நம் கையில் இருப்பது எந்த ரகம் என்று, அணைத்த கோரைத் திறந்து, அதாவது மறுபடி இயங்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும், எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

2000 வாக்கில் ஏஎம்டியின் தண்டர்பேர்டு, டியூரான் பிராசசர்களில் மேலே தெரியும் எல்1 பாலங்கள் என்ற சிறு இணைப்புகளைப் பென்சில் கரியால் இணைத்து, வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையரைத் திறந்தார்கள். இதற்குப் பென்சில் வேண்டாம். போர்டில் எஸ்பி710 சவுத்பிரிட்ஜ் என்ற துணைச் சில்லு இருக்கிறது, அதனால் பயோஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அட்வான்ஸ்டு கிளாக் காலிபரேஷன் என்ற வசதி உண்டு. ஓவர்கிளாக் செய்பவர்களுக்காக, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்காகக் கொடுத்தது, ஆனால் அதை ஆட்டோவில் போட்டால் அணைத்த கோர்களும் எழக்கூடும்.

ஆனால் எடுத்தவுடன் பயோஸுக்குப் போகவில்லை. இங்கே இரண்டு பக்கமும் கடல், கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியே பொரிந்துவிடும், போர்டு எப்படித் தப்பும்? ரேம் ஸ்லாட், பிராசசர் பின்கள் எல்லாவற்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மென்மையான பிரஷ்ஷால் துடைத்தேன். கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். இறுகிய வெப்பப் பேஸ்டோடு நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், 938 பின்னில் எது வளைந்தாலும் தலைவலி. பழைய கூலர் 80 வாட்டுக்கு உரியது, நான்கு கோர் 955 மாடலுக்கே 125 வாட் என்பதால் ஹீட்பைப் வைத்த பெரிய கூலராக மாற்றினேன். போர்டும் 125 வாட் தாங்கும் போர்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆட்டோவில் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் திரையில் ஃபீனம் 2 எக்ஸ்4 பி50 என்று வந்தது. அந்தப் பெயரில் கடையில் ஒரு பிராசசரும் விற்கவில்லை, கோர் திறந்தால் மட்டும் தெரியும் பெயர் அது. உண்மையிலேயே கை தட்டினேன்.

ஆனால் திரையில் பெயர் வந்தால் போதாது. பிராசசரைக் கடுமையாகச் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஓடவிட்டதும் நான்காவது கோர் மட்டும் கணக்கில் பிழை காட்டி நின்றது, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியும் பிழை தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. இன்னொரு சங்கடம், கோரைத் திறந்ததும் பிராசசருக்குள் இருக்கும் வெப்ப சென்சார் சரியான அளவைக் காட்டாது, போர்டு சென்சாரை மட்டும் நம்ப வேண்டும். மதிய வெயிலில் அறையே கொதிக்கும் நம் ஊரில் அதற்கு மேல் வோல்டேஜ் ஏற்ற எனக்கு மனமில்லை.

சரி என்று பயோஸில் நான்காவதை மட்டும் அணைத்தேன். மூன்று கோரோடு, வழக்கமான வோல்டேஜிலேயே, இரவு முழுக்க பிரைம்95 பிழையில்லாமல் ஓடியது. 6 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) எல்லா கோருக்கும் பொது, அது முன்போலவேதான். மச்சான் மகள் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள், ரெண்டர் போடும்போது மூன்றாவது கோர் நன்றாகவே தெரிகிறது என்கிறாள்.

அடுத்து உச்சிப்புளி நண்பரிடம் இருக்கும் 775 சாக்கெட் போர்டு. அதில் சர்வருக்கு வந்த, வேறு சாக்கெட்டுக்கு உரிய இன்டெல் ஜியான் இ5450 பிராசசரை ஸ்டிக்கர் ஒட்டி உட்கார வைக்க ஆசை. இரண்டு பின்களை இடம் மாற்ற அந்த ஸ்டிக்கர், சாக்கெட்டின் காதுகளையும் சீவ வேண்டும். போர்டின் பயோஸில் அந்த ஜியானுக்கான மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஏற்றப்படும் உட்குறியீடு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன்.