மரக்கானாவும் ஒரு மணிக்கட்டுப் பிடியும்

ரியோ டி ஜெனிரோவில் இறங்கிய மறுநாள் காலையே மெட்ரோ ஏறி மரக்கானா மைதானத்துக்குப் போனேன். எல்லோரும் கால்பந்துக்காக வரும் இடம். நான் வந்தது 1951 அக்டோபர் 23-க்காக. ஜப்பானின் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் தரையில் மல்லுக்கட்டி மூட்டுகளைப் பூட்டும் ஜியு-ஜிட்சு கலையின் பிரேசில் வீரர் ஹீலியோ கிரேசியும் அன்று இங்கேதான் மோதினார்கள். இரண்டாவது சுற்றில் ஹீலியோவின் கையை மடக்கி முதுகுப்பக்கம் திருகினார் கிமுரா. எலும்பு உடைந்தது என்பார்கள். ஹீலியோ அப்போதும் தட்டவில்லை, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் சண்டையை நிறுத்தினார். ஜூடோவில் அந்தப் பூட்டுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் தோற்ற தரப்பு தன்னை வென்றவரின் பெயரையே அதற்குச் சூட்டியது. இன்றும் ஜியு-ஜிட்சுக்காரர்களுக்கு அது ‘கிமுரா’தான். இந்த மரியாதைதான் என்னை இந்தக் கலையோடு கட்டிப்போட்டது.

சாயங்காலம் ஒரு சிறிய பயிற்சிக்கூடம். அன்றைய பாடமும், என் அதிர்ஷ்டம், கார்டிலிருந்து கிமுரா. கார்டு என்றால், மல்லாந்து படுத்து, எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டி வைத்திருக்கிறோம். அவர் ஒரு கையைப் பாயில் ஊன்றுகிறார். அந்த மணிக்கட்டைப் பிடித்து, கால்பூட்டைத் திறந்து எழும்பி, மறு கையை அவர் தோளுக்கு மேலாகச் சுற்றி நம் மணிக்கட்டையே பிடிக்க வேண்டும். இதுவரை எனக்குத் தெரியும். அப்புறம் கைபலத்தால் இழுப்பேன், அவர் தன் பெல்ட்டைப் பற்றிக்கொள்வார், அங்கேயே நின்றுபோகும்.

ஆசிரியர் பக்கத்தில் மண்டியிட்டு, என் இடுப்பைத் தட்டி “குவாத்ரில்” என்றார். போர்த்துகீசியத்தில் இடுப்பு. கையை அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பை எதிராளிக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் வெளியே நகர்த்தச் சொன்னார். ஒரு காலை அவர் முதுகில் போட்டு, அவர் உருண்டு தப்பாமல் அமுக்கினேன். அவர் முழங்கை என் மார்போடு ஒட்டியது. நான் கையை இழுக்கவே இல்லை. உடம்பு திரும்பியது, மடங்கிய கை அவர் முதுகுப்பக்கமாகத் தலையை நோக்கித் தானாக ஏறியது. இத்தனை நாள் கையோடு கை மோதிக்கொண்டிருந்தேன். இது என் முழு உடம்புக்கும் அவருடைய ஒற்றைத் தோள்மூட்டுக்கும் நடக்கும் போட்டி.

ஆசிரியர் இன்னொரு தோள்பூட்டும் காட்டினார்: ஒமோப்லாட்டா. தோள்பட்டை எலும்புக்குப் போர்த்துகீசியப் பெயர். இதில் பூட்டுவது கால்கள். பிரேசில் வீரர் நீனோ ஷெம்ப்ரி இதைப் போட்டிகளில் பிரபலமாக்கினார் என்று படித்திருந்தேன். காலை எதிராளியின் தோளுக்கு மேலே போட்டு எழுந்து உட்கார்ந்ததும், அவர் இடுப்பை அணைத்துப் பிடிக்காவிட்டால் ஆள் முன்பக்கம் குட்டிக்கரணம் அடித்து வெளியேறிவிடுவார். என்னிடமிருந்து இரண்டு முறை அப்படித்தான் போனார்.

“தெவகார்,” என்றார் ஆசிரியர். மெதுவாக. தோளை வேகமாகத் திருகினால் எதிராளிக்குத் தட்ட நேரம் இருக்காது. எனக்கு இது நுட்பத்தை விடவும் முக்கியமாகப் பட்டது.

கடைசிச் சுற்றில் என் ஜோடி ஊதா பெல்ட்காரர், என்னை விடக் கனமானவர். அவர் கை பாயில் ஊன்றியது. மணிக்கட்டு, தோள், இடுப்பு. மூச்சு விட்டபடி மெல்லத் திரும்பினேன். என் விலாவில் இரண்டு தட்டு விழுந்தது. உடனே விட்டேன். அவர் தோளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சிரித்தபடி மறுபடியும் என் கார்டுக்குள் வந்து மண்டியிட்டார்.