பூனைக்குட்டிக்குப் பேதியா? முதலில் பால் கிண்ணத்தைப் பாருங்கள்

தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்ததும் நம் வீடுகளில் உடனே ஒரு கிண்ணத்தில் பசும்பால் ஊற்றி வைப்போம். மறுநாளே தண்ணீர் தண்ணீராய்ப் போகும். என்ன நோயோ என்று பயந்து மருந்து தேடுவோம். பல நேரம் அது நோயே இல்லை, அந்தப் பால்தான்.

பூனைப் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல இருமடங்குக்கும் மேல். அதனால் பசும்பாலில் பசியாற வேண்டுமானால் குட்டி நிறையக் குடித்தாக வேண்டும். அதோடு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் அளவு மீறி உள்ளே போகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும், புளித்து வாயுவாகும். பால்குடி மறந்த குட்டிகளுக்கு அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் திறனே குறைந்துவிடும். பாலில் தண்ணீர் கலந்தால் சரியாகும் என்பார்கள். அப்படிச் செய்தால் சத்து இன்னும் குறைகிறது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் வயதைக் கணியுங்கள். கண் திறக்காவிட்டால் பிறந்து இரண்டு வாரத்துக்குள். முன்பற்கள் எட்டிப்பார்த்தால் மூன்று வாரம், கோரைப்பற்கள் தெரிந்தால் நான்கு. நான்கு வாரம் வரை பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர்தான் வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் 100 கிராமுக்கு 4 மி.லி. கணக்கு. 200 கிராம் குட்டி என்றால் 8 மி.லி. இரண்டு வாரம் வரை 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 4-6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பசிக்கிறதே என்று பாவப்பட்டு அதிகம் ஊற்றினால் மஞ்சளாய் இளகிப் போகும். அளவைக் குறைத்தாலே அது நின்றுவிடும். பவுடரை டப்பாவில் சொன்னதைவிடக் கெட்டியாகக் கரைத்தாலும் பேதியோ மலச்சிக்கலோ வரும். குட்டியைக் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

குட்டி சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுகூட ஊட்டாதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குடல் அசைவு நின்றுவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் கிடந்து கெடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெல்லச் சூடேற்றிய பிறகே பால்.

பாலும் அளவும் சரியாக இருந்தும் போகிறதென்றால் அடுத்த சந்தேகம் பூச்சி. உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். உடம்பு எலும்பாய் இருக்க வயிறு மட்டும் பானை போல உப்பியிருக்கும். வாந்தியில் சேமியா போல நீளப் புழு வரும். பைரான்டெல் மருந்தை இரண்டாவது வாரம் தொடங்கி எட்டாவது வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அதற்குப் பைரான்டெல் கேட்காது. தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தால்தான் அது திரும்ப வராது. சளியும் ரத்தமும் கலந்து நாறினால் காக்சிடியா, ஜியார்டியா போன்ற ஒற்றைச்செல் கிருமிகளாக இருக்கலாம். அவற்றுக்கு மருந்தே வேறு. இதனால்தான் மலத்தைப் புதிதாக ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்கிறோம்.

நான்கு வாரம் தாண்டிய குட்டி விளையாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, இளக்கமாய் மட்டும் போனால் ஒரு நாள் வீட்டில் பார்க்கலாம். பட்டினி போடக் கூடாது. குட்டிக்குச் சர்க்கரை இருப்பு மிகக் குறைவு, சில மணி நேரத்தில் மயங்கிவிடும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, நாராய்ப் பிய்த்து, வெந்த தண்ணீரோடு பிசைந்து, நாளுக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வேகவைத்த பரங்கிக்காய் அரை டீஸ்பூன் சேர்க்கலாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் இதையே தொடர வேண்டாம், இதில் போதிய கால்சியம் இல்லை. பிறகு குட்டி உணவுக்கு மாற்றும்போது ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். திடீரென்று உணவை மாற்றுவதே பாதிப் பேதிக்குக் காரணம் என்பேன். தயிர்சாதத்தில் வளர்க்க நினைக்கவே வேண்டாம். பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். குழம்பில் கிடக்கும் கறித்துண்டும் ஆகாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும்.

பேதி நிற்க நமக்குக் கொடுக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

நீர் வற்றுகிறதா என்று அறியத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது சின்னக் குட்டிகளிடம் நம்பகமில்லை. ஈறைத் தொடுங்கள். வழவழப்பில்லாமல் விரலில் ஒட்டினாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாய் இருந்தாலோ நீர் போதவில்லை. சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பால்குடிக் குட்டி நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் அன்றைக்கே மருத்துவர்.

வாந்தியும் பேதியும் சேர்ந்து, சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காமல் சுருண்டு படுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பூனைகளின் பார்வோ என்று சொல்லப்படும் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு வைரஸைக் கொல்லும் மருந்து என்று எதுவும் வழக்கத்தில் இல்லை. டிரிப் ஏற்றித் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. தடுப்பூசியை 6-8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3-4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வீட்டில் வேறு பூனை இருந்தால் உடனே அறை பிரியுங்கள். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும், சோப்புக்குச் சாகாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். பினாயில் மட்டும் வேண்டாம். பூனையின் ஈரலால் அதிலுள்ள பீனாலை முறிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுக் குட்டி தன் பாதத்தை நக்கும்.